குடைக்கடை வாசலில் நின்றவர்

நகர அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை. பழைய தெருப் படங்களை எடுத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட இடத்திலேயே நின்று இன்றைய தெருவையும் படமெடுக்க வேண்டும். அந்தக் காலத்து விளக்குக்கம்பம் நின்ற இடத்தில் ஆளுயர அளவுகோலைப் பிடித்து நிற்பது, லீவு நாளில் புருஷன் வேலை.

அன்றைய படம் நூறு வருடத்துக்கு முந்தியது. குடைக்கடை வாசலில் ஒருவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றார். இப்போது அங்கே செல்போன் கடை.

"இந்த உம்மணாமூஞ்சிய நான் சிரிக்க வைக்கிறேன் பாரு."

"கட்டின பொண்டாட்டியையே சிரிக்க வைக்க முடியல, இதுல அவரையா?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அளவுகோலைக் கட்டிப்பிடித்து நடுத்தெருவில் ஆட்டம் போட்டான். சுழன்ற வேகத்தில் ஒற்றைச் செருப்பு பறந்து செல்போன் கடைக்குள் போனது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே போனவன் வெறுங்கையோடு வந்தான். "மூலைமுடுக்கெல்லாம் தேடிட்டேன். காணோம்."

கோணம் சரிபார்க்க அவள் பழைய படத்தைத் தூக்கிப் பிடித்தாள். குடைக்கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் அந்தச் செருப்பு.

அவள் படத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு உறையிலிருந்து அடுத்த தெருவின் படத்தை எடுத்தாள். நேற்றுவரை அந்தப் படத்தில் தெரு ஆளில்லாமல் கிடந்தது. இப்போது மாடியிலும் வாசலிலுமாக ஜனம் நெருக்கியடித்து நின்று, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் எட்டிப் பார்த்தான். மிச்சமிருந்த செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"சீக்கிரம் வா," என்றான். "காத்திட்டிருக்காங்க."