வெட்டாத மடிப்புகள்

ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருந்த சென்றாயன், ஜெர்மானியத் தத்துவஞானி ஒருவரின் நூலை ஆங்கிலத்தில் தபாலில் வரவழைத்து, அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே படித்து வந்தார். பழைய அச்சு முறைப்படி தாள்கள் ஓர மடிப்பு வெட்டப்படாமல் வந்திருந்தன; வெட்டினால்தான் உள்பக்கங்களைப் படிக்க முடியும். தினமும் காலையில் பேனாக்கத்தியால் ஒரு மடிப்பை வெட்டுவார். புரியாத இடத்தில் பென்சிலால் தமிழில் குறிப்பு எழுதுவார்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை வெட்டியபோது குறிப்பு ஏற்கெனவே இருந்தது. அவருடைய கையெழுத்து. ஓரத்தில் அவருடைய நெய்விரல் கறை. குறிப்பு சரியாகவும் இருந்தது. பிறகு எல்லா மடிப்பிலும் அப்படியே. பாதி வேலை மிச்சமாயிற்று என்று படித்துக்கொண்டே போனார்.

இருநூறாம் பக்கத்தைத் தாண்டியதும், வெட்டாத மடிப்புகளை விரலால் விரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். 212-ஆம் பக்கத்தில் கையெழுத்து மாறியிருந்தது. பெரிய, கோணல் எழுத்து. ‘இந்த எடம் அவருக்குப் புரியாமயே போச்சு.’ அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை அந்த எழுத்துதான்.

கத்தியை நெய்த் தவலைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

மறுநாள் அவர் மனைவி உண்ணாமலை ஒரு சிலேட்டோடு வந்து உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை.

“ஏனுங்க, எனக்கும் நாலெழுத்துச் சொல்லிக் குடுங்க.”

“இத்தன வருசமா இல்லாம இப்ப என்ன? வேண்டாம்.”

“சரிங்க. நானே பழகிக்கறனுங்க.”

சிலேட்டில் ஏற்கெனவே ஒரு ‘அ’ இருந்தது. பெரிதாக, கோணலாக.