பார்க்காமல் ஓடிய தூரம்

வலப்பக்கம் பார்த்தாள். பிறகு இடப்பக்கம்.

இடையில் ஒரு கணம் பாதையையும் பார்த்தாள்.

வேர்கள்.

இந்தக் காட்டில் வேர்கள் மண்ணுக்குள் அடங்கி இருப்பதில்லை. பாதைக்குக் குறுக்கே கிடக்கும். ஓடுகிறவர்களின் கால்கள் பட்டுப்பட்டுத் தோலுரிந்து வெளிறியிருக்கும்.

பைன் மரங்கள் மிகப் பழையவை. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். சில மின்னலில் பிளந்து, ஒரு பாதி செத்தும் மறு பாதி பச்சையாகவும் நின்றன. கிளைகளிலிருந்து சாம்பல்நிறப் பாசி தொங்கியது.

அவள் மரங்களைப் பார்க்க வரவில்லை.

அவள் தேடியது ஒரு நீல மேற்சட்டை. மஞ்சள் சப்பாத்து. முதுகோடு ஒட்டிய சின்னப் பை.

போன ஒக்டோபரில் மகன் ஆரூரன் இங்கேதான் ஓட வந்தான். கீழே தரிப்பிடத்தில் அவனுடைய கார் நின்றது. அவன் திரும்பி வரவில்லை.

ஹெலிகொப்டர் தேடியது. நாய்கள் தேடின. பனி விழுந்து மூடியது. பனி கரைந்ததும் மறுபடி தேடினார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அவள் நிறுத்தவில்லை.

சனிக்கிழமைகளில் கணவர் காரில் கொண்டுவந்து விடுவார். அவர் காட்டுக்குள் வருவதில்லை. முழங்கால் நோ என்பார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார்.

முதலில் நடந்துதான் தேடினாள். நடந்தால் மேலேயுள்ள ஏரியைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏரிக்கு அப்பாலும் காடு இருந்தது.

அதனால் ஓடப் பழகினாள்.

ஐம்பது தாண்டிய உடம்பு. சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து மலை என்பது அவளுக்கு ரயில் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் ஒன்று. வேலை முடிந்து, தண்டவாளத்தோரம் ஓடினாள். முதல் நாள் தின்றதையெல்லாம் சத்தியெடுத்தாள். மறுநாளும் ஓடினாள்.

கோயிலில் ஒருத்தி கேட்டாள். "நல்லா மெலிஞ்சிட்டீர். என்ன செய்யிறனீர்?"

"ஓடுறனான்."

கேட்டவள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆரூரன் இருந்தபோது அவளுக்கு இந்த ஓட்டமே பிடிக்காது. "விசரே உனக்கு? கலைக்கிறதுக்கு ஆளில்லாமல் ஆராவது ஓடுவினமே?" என்று ஏசுவாள். அவன் சிரிப்பான். குளிர்சாதனப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நின்று ஓடிக் காட்டுவான்.

"இறக்கத்திலை பயந்து பின்னுக்குச் சாயக்கூடாதம்மா. முன்னுக்குச் சாயோணும். சின்னச் சின்ன அடி. கால் தானாப் பாத்துக்கொள்ளும்."

இன்று ஏரியைத் தாண்டி மேற்காட்டுக்குள் போனாள். ஒவ்வொரு பாறையின் அடியிலும் குனிந்து பார்த்தாள். சரிவுகளில் செடிகள் சிவந்து கிடந்தன. அவற்றை விலக்கிப் பார்த்தாள். ஒரு பள்ளத்தில் கையுறை ஒன்று கிடந்தது.

எடுத்துப் புரட்டினாள்.

பெண்ணொருத்தியின் கையுறை. உக்கிப்போயிருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

காற்று திசை மாறியது. மலைமுகட்டிலிருந்து பனி வந்தது. மெல்லிய பனி. சத்தமே இல்லை.

இறங்கத் தொடங்கினாள்.

ஏரியைக் கடந்ததும் பாதை செங்குத்தாக விழுந்தது. வழமைபோலப் பின்னால் சாய்ந்தாள். முழங்கால்கள் வலித்தன. பனி வலுத்தது. நேரம் இல்லை.

முன்னால் சாய்ந்தாள்.

சின்னச் சின்ன அடி.

கால் தானாகவே பார்த்துக்கொண்டது.

கல். வேர். கல். உடம்பின் பாரம் எங்கோ போய்விட்டது. ஈரப் பிசினின் வாசம் நெஞ்சு நிறைய ஏறியது. பனி உதட்டில் விழுந்து கரைந்தது. ஒரு வளைவில் கைகளை அகல விரித்தாள். மரங்கள் இரண்டு பக்கமும் கரைந்து ஓடின. வாயிலிருந்து ஏதோவொரு சத்தம் வந்தது.

ஓடையைத் தாண்டிக் குதித்தபோதுதான் அது தன் சிரிப்பு என்று தெரிந்தது.

நின்றாள்.

திரும்பி மேலே பார்த்தாள்.

ஏரியிலிருந்து இந்த ஓடைவரை வலப்பக்கம் என்ன இருந்தது? இடப்பக்கம்? யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில் இல்லை.

எத்தனையோ தடவை பார்த்த இடந்தான். பார்க்காமல் வந்தது இதுதான் முதல் தடவை.

ஓடையை மறுபடி தாண்டி மேலே ஏறினாள். ஓட முடியவில்லை. மூச்சு இரைத்தது. பாதை வெளுத்திருந்தது. செடிகள் வெளுத்திருந்தன. பள்ளமும் பாறையும் ஒரே உருவமாகிக்கொண்டிருந்தன. முழந்தாளிட்டு ஒரு கல்லின் மேலிருந்த பனியைக் கையால் வழித்தாள். கல்தான்.

அடுத்த கல்லை வழித்தாள்.

கீழே கார் ஹோர்ன் அடித்தது. விட்டுவிட்டு அடித்தது. பிறகு விடாமல் அடித்தது.

தரிப்பிடத்துக்கு வந்தபோது கணவர் குடை பிடித்தபடி வெளியே நின்றார். சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் தேநீரை ஊற்றி நீட்டினார்.

"இந்தாரும். ஆறப்போகுது."

வாங்கினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து வெகு நாட்கள் ஆகியிருந்தன.

"இண்டைக்குத்தான் உம்மட முகத்திலை ஒரு களை தெரியுது" என்றார்.

தேநீர் அவளுடைய விரல்களில் சிந்தியது.

"இஞ்சேருங்கோ. மேலை ஒரு துண்டுப் பாதை நான் பாக்கேல்லை."

அவர் காட்டைப் பார்க்கவில்லை. குடையை உதறினார். மெல்ல மடக்கினார்.

"அடுத்த கிழமை பாப்பம்."

நாளை காலையில் பனிக்காக மலைச்சாலையை மூடிவிடுவார்கள். இனி மே மாதம்தான் திறப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"ஓம்" என்றாள்.

ஏறிக் கதவைச் சாத்தினாள். கார் நகர்ந்தது.

அவளுடைய கால்கள் இன்னும் சூடாக இருந்தன. வீடு வரும்வரை அவற்றை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.