இடது முன்சக்கரம்

"ஸ்டியரிங்கை இடதும் வலதுமா லேசா ஆட்டும்மா. நிறுத்தாதே."

அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆட்டினாள். நான் தரையில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூட்டில் கை வைத்திருந்தேன். மூட்டு தேய்ந்திருந்தால் 'டொக்'கென்று கையில் இடிக்கும்.

இடிக்கவில்லை.

நாலு நாளாக எங்கள் காரின் முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அப்பாதான். சின்னவளைப் பிடித்துக்கொள்ள அம்மாவும் கூடப் போவாள். அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், யார் மேலும் ஒரு கீறல் படாமல் ஓய்வு பெற்றவர். அவரே, "இந்தச் சத்தத்தோட பிள்ளைங்களை ஏத்த மாட்டேன்" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

ஓடும்போது மூட்டு கழன்றால் சக்கரம் ஒரு பக்கம் போகும், கார் ஒரு பக்கம் போகும். உள்ளே என் வீட்டு ஆட்கள் நாலு பேர்.

பானெட்டை அமுக்கி விட்டேன். ஒரே குதியில் நின்றது. ஷாக் அப்சார்பர் சரிதான். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். பிறகு பக்கவாட்டில். ஒரு ஆட்டம் இல்லை.

இறக்கி, தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போனால் கடகட. வேகம் எடுத்தால் சத்தமே இல்லை. இதென்னடா கூத்து என்று திரும்பி வந்து, கடைசியாக இடது முன்சக்கரத்தை வெளியே மூடியிருக்கும் வீல் கப்பைக் கழற்றினேன்.

உள்ளே இரண்டு கூழாங்கல்.

வேகத்தில் கல் ஓரமாக ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போனால் உருளும். சத்தத்துக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கப்பில் உள்ள துளைகளில் என் சுண்டுவிரல்கூட நுழையாது. கல்லோ நெல்லிக்காய் அளவு. தானாக எப்படிப் போகும்?

பெரியவர்களைப் பயமுறுத்துவானேன் என்று, "சரி பண்ணிட்டேன், நாளைக்கு எடுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"ம்" என்றார் அப்பா.

மறுநாள் தெருமுனை தாண்டுவதற்குள் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"திரும்பவும் சத்தம் வருது. பிள்ளைங்களை நீயே பஸ்ல கூட்டிட்டுப் போ."

கழற்றினேன். இந்த முறை மூன்று கல்.

யாரோ எங்கள் காரில் கை வைக்கிறார்கள். இன்றைக்குக் கல் போட்டவனுக்கு, நாளைக்கு நட்டைத் தளர்த்த எவ்வளவு நேரம் ஆகும்?

யாரென்றும் தெரிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர்தான். போன வாரம்தான், "என் கேட்டை மறிச்சு நிறுத்தினா அந்த வண்டி ஓடாது, பாத்துக்கோங்க" என்று கத்தியிருந்தார். வண்டியில் குழந்தைகள் போகிறார்கள் என்றுகூடப் பார்க்காத மனுஷன். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டு இல்லை.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் பேசுவோம் என்று மறுநாள் விடிகிற நேரத்தில் ஜன்னல் ஓரம் நின்றேன்.

இடது சக்கரத்துக்கு அருகே ஒரு உருவம் குனிந்தது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

கையில் தோசைத் திருப்பியுடன் அம்மா. அதன் நுனியால் வீல் கப்பை நெம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு நாளா எனக்கு உயிரே இல்ல."

"மெதுவா பேசுடி. அப்பா எழுந்துடுவார்."

"எழுந்தா எழுந்துக்கட்டும். ஏன் இப்படிப் பண்றே?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் பள்ளிக்கூடத்து வளைவுல ஒரு பொண்ணு குறுக்கே போனா. சின்னவ வயசுதான் இருக்கும். உங்கப்பாவுக்கு அவ தெரியவே இல்லடி. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். ஒரு சாண்ல தப்பிச்சா."

முந்தாநாள், "சரி பண்ணிட்டேன், எடுங்கப்பா" என்று சொன்னது நான்தானே.

"டாக்டர்கிட்ட போகலாம்னா, 'என் கண்ணுக்கு என்ன கேடு'ன்னு எரிஞ்சு விழறார். கண்ணு போச்சு, இனி ஓட்டாதீங்கன்னு நான் எந்த வாயால சொல்ல? அது ஒண்ணுதான் அவருக்குப் பெருமை. வண்டி கெட்டுப்போச்சுன்னா தாங்கிப்பார். அவர் கெட்டுப்போனார்னா தாங்க மாட்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லித் தொலைச்சிடாதே."

அவள் உள்ளே போனாள். அவள் போட வைத்திருந்த கற்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பள்ளிக்கூடம். சொன்னால் அப்பா நொறுங்கிவிடுவார். சொல்லாவிட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்து என் கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

"எடுத்துட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"முப்பது வருஷம் ஓட்டினவன். மூட்டு தேயறதுக்கும் கல்லு உருள்றதுக்கும் வித்தியாசம் தெரியாதா? முதல் நாளே தெரியும். யார் போட்டதுன்னும் தெரியும்."

"அப்ப நீங்களே எடுத்துப் போட்டிருக்கலாமே?"

அப்பா வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. கல்லை எடுத்தா ஓட்டணுமே."