குழாய்ப் புகாரும் ஒரு கடிதமும்

மெக்சிகோ நகரத்துச் சதுக்கத்தில், வளைவுகளின் நிழலில், காசுக்குக் கடிதம் அடித்துத் தரும் ஹெர்மெலிண்டாவின் தட்டச்சு இயந்திரம் சும்மா இருக்கிறது. காலையில் நகராட்சிக்கு மூன்று தண்ணீர்க்குழாய்ப் புகார்களை, சோளமாவுத் தமாலே மென்றுகொண்டே அடித்துத் தள்ளியவள் அவள். இப்போது எதிரே, மூட்டை தூக்கும் ஃபிடென்சியோ தொப்பியை மடியில் உருட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷமாகப் பேசாத மகளுக்குக் கடிதம் வேண்டுமாம். வெயில் நகர்ந்து வந்து வெற்றுத்தாளில் ஏறிவிட்டது. "புகாரெல்லாம் படபடன்னு அடிச்சியே, தங்கச்சி?" "அது குழாயைப் பத்திண்ணே. இதுக்குத் தலை வலிக்குது. சின்னப்புள்ளையில அவள எப்படிக் கூப்பிடுவீங்க?" அவர் தொண்டையைச் செருமுகிறார். "சுண்டெலி." அவள் அதை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அடிக்கிறாள். படிக்கத் தெரியாத அவர் புதிதாக விழுந்த எழுத்துகளின்மேல் விரலை வைக்கிறார். "இதுதானா அது?" "ஆமாண்ணே." விரலை எடுக்க அவருக்கு மனமில்லை. "போதும்மா. இதையே அனுப்பிடு."