எண்பதாவது பதில்

“ஊசியை ஓசியில போட்டுக்கத் தெரியுது. கை வலிச்சுதா, காய்ச்சல் வந்துதான்னு கேட்டா மட்டும் பதில் சொல்ல வாய் வலிக்குதா?”

சுகாதார அதிகாரி பொரிந்து தள்ளினார். எதிரே கேள்விக்காரி நின்றாள். சர்வே எடுப்பதால் ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் அது. வேலை என்னவோ தற்காலிகம்தான்.

தடுப்பூசி போட்டுக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர். எண்பது பதிலாவது இன்று மாலைக்குள் தலைமையகம் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் நாளையிலிருந்து அவள் வர வேண்டாம்.

கடிதம் போட்டதில் வந்தது ஆறு. அதில் நாலு, அம்மாக்களின் கையெழுத்து. மெசேஜுக்கு இருபத்தொன்று. மிச்சத்தை அவள்தான் தொண்டை வற்றப் போனில் பேசிப் பிடித்தாள். ஆக, எழுபத்தொன்பது.

“இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கிடையாதும்மா.”

“பசங்க நல்லாத்தான் பேசுறாங்க சார். போன் அவங்க கைக்குப் போனாத்தானே? ஸ்கூல்ல குடுத்திருக்கிறது அப்பா நம்பர். அப்பாக்கள்தான் எடுக்கிறதில்லை.”

“நீ ஒரு தடவை அடிச்சுட்டு விட்டிருப்பே.”

“இந்த ஒரு நம்பருக்கே பதினாலு தடவை சார். பேர் கிடையாது. பெண், வயசு பதினஞ்சுன்னு மட்டும் லிஸ்ட்ல இருக்கு.”

“பெத்த பொண்ணு விஷயத்துல இவ்வளவு அலட்சியமா? ஸ்பீக்கர்ல போடு. நானே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்.”

போட்டாள். ஸ்பீக்கரில் மணி போனது. அதிகாரியின் சட்டைப் பையில் பாட்டு கிளம்பியது.

“இந்த லோன்காரங்க வேற, நேரங்கெட்ட நேரத்துல...” பைக்குள் கைவிட்டு, பார்க்காமலேயே பட்டனை அமுக்கினார். பாட்டு நின்றது. ஸ்பீக்கரும் நின்றது.

“பார்த்தியா, கட் பண்றான்! திமிரைப் பாரேன்!”

கேள்விக்காரி அதே நம்பரை மறுபடி அழுத்தினாள்.

மறுபடி பாட்டு. பைக்குப் போன அவர் கை பாதியில் நின்றது. போனை வெளியே எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“முதல் கேள்வி சார். ஊசி போட்ட அன்னைக்குப் பொண்ணுக்குக் காய்ச்சல் இருந்துதா?”

அதிகாரி கொஞ்சம் யோசித்தார்.

“அவளுக்கு ஊசி போட்டாச்சா?”