பை நிறையச் சாவிக்கொத்து

மியென் மறுபடியும் முந்திக்கொண்டாள்.

தோவா குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அவள் அந்த விசிறிக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். வாசலில் விற்பனைக்குத் தொங்கிய சாவிக்கொத்து வளையம் ஒன்றைக் கழற்றி, சொன்ன விலையைக் கொடுத்து, பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"தோவா, உள்ளே வா."

தோவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிநேகிதிகள் இரண்டு பேரும் வின் நகரத்திலிருந்து ஹுவேக்கு ரயிலேறி வந்ததிலிருந்து இதே கதைதான். கோட்டை, படகு, காரமான நூடுல்ஸ் எல்லாம் சந்தோஷமாகத்தான் போயின. காலையில் சந்தைப் பக்கம் வந்தால் மட்டும் மியெனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. கடைக்குக் கடை முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓட்டம்.

"கேட்டதைக் கேட்டபடி நீ கொடுத்துட்டா, அப்புறம் நான் எப்படிடி பேரம் பேசறது?" என்று விசிறிக் கடையை விட்டு இறங்கும்போது தோவா கேட்டாள்.

"பேசிட்டியே. அடிமாட்டு விலைக்குத்தானே விசிறி வாங்கின?"

அது வாஸ்தவம். பேரத்தில் தோவாவை மிஞ்ச ஆள் கிடையாது. வேறு யாரும் சொல்லாததால் அவளே அதைச் சொல்லிக்கொள்வாள். கடையில் இருப்பதையெல்லாம் பிரித்துப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்ல வேண்டும், வேண்டாம் என்று படி இறங்க வேண்டும். கடைக்காரி கூப்பிட்டால் ஜெயம். கூப்பிடாவிட்டால் அடுத்த கடை.

"இந்த ஊர்க்காரங்க எவ்வளவு சிரிச்ச முகமா இருக்காங்க பாரு," என்றாள் தோவா. "நம்ம ஊர்ச் சந்தையில ஒருத்தி மூஞ்சியும் சரியில்ல. அதுவும் நான் கடையை விட்டு இறங்கறதுக்குள்ள எதையாவது கொளுத்திப் புகை போட்டுடறாளுங்க."

"அங்கே கொசு ஜாஸ்தி," என்றாள் மியென் சட்டென்று.

வாங்க வேண்டியதில் ஓலைத் தொப்பி ஒன்றுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை தோவாவின் மகளைப் பெண் கேட்டுப் பையனின் அம்மா வருகிறாள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓலைக்குள் வைத்துத் தைத்த பாட்டு வரிகள் தெரிகிற ஹுவே தொப்பி ஒன்றை அந்தம்மா தலையில் வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நல்ல காரியத்துக்கு வாங்குகிற சாமான். இதிலும் மியென் முந்திக்கொண்டு காரியத்தைக் கெடுக்கக் கூடாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் இவள் சங்காத்தமே வேண்டாம் என்றுகூட தோவா முடிவு கட்டிவிட்டாள்.

"ரயிலுக்கு நேரம் இருக்கு. ஐஸ் காபி வாங்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் இங்கேயே நில்லு, என்ன?" என்று மியென் நகர்ந்தாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், தோவா எதிரிலிருந்த தொப்பிக் கடைக்குள் இருந்தாள்.

கடைக்காரி அப்போதுதான் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, நீங்கதான் இன்னிக்குப் போணி," என்றாள் வாய் நிறைய.

தோவா ஒரு தொப்பியை எடுத்து வெயிலில் பிடித்தாள். "இது பாட்டா, எறும்பு ஊர்ந்த தடமா?"

"கைவேலைக்கா."

"ஓலை பழுத்திருக்கே. அதை எடு. அதோ, மேலே இருக்கே அது. ஐய, இதைப் போட்டா மழைக்குக் காளான் முளைச்ச மாதிரி இருப்பேன்."

கடை முழுக்கத் தொப்பி பரவியது. கடைசியில் தோவா கேட்ட விலையில் ஓலைகூட வராது.

"கட்டுபடியாகாதுக்கா," என்றாள் கடைக்காரி. குரல் இறங்கிவிட்டது. "போணி நேரம். தொப்பி வேண்டாம்னா போகட்டும், ஒரு சாவிக்கொத்தாவது எடுத்துக்குங்க. வெறுங்கையோட மட்டும் இறங்காதீங்க."

மசிகிறாள் என்று தோவாவுக்குத் தோன்றியது. இந்த இடத்தில்தான் படி இறங்க வேண்டும். இறங்கினாள். கூப்பிட வசதியாக மெதுவாகவே நடந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. வாசனைதான் வந்தது. காகிதம் கருகுகிற வாசனை.

திரும்பிப் பார்த்தாள். கடைக்காரி பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, தொப்பிகளுக்கு மேலே அப்படியும் இப்படியுமாக ஆட்டி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ராசி கெட்ட கை முதல் போணியைக் கெடுத்துவிட்டுப் போனால் காகிதம் கொளுத்தித் தோஷம் கழிப்பது தோவாவுக்குத் தெரியாத சங்கதியா? அந்த ராசி கெட்ட கை வேறு யாருடையதோ என்றல்லவா இத்தனை வருஷமாக இருந்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று.

மியென் இரண்டு காபியோடு எதிரே நின்றாள். புகையைப் பார்த்தாள். தோவாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவள் தோள்பை பிதுங்கி, வாயோரம் சாவிக்கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஏறிய கடைக்கு ஒன்று.

தோவா அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏண்டி, நம்ம ஊர்ச் சந்தையில கொசு ரொம்பவோ?"

மியென் உதட்டைக் கடித்தாள். "கொஞ்சம்... ஜாஸ்திதான்."

தோவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. காபியை வாங்கி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்த அடுத்த தொப்பிக் கடையைக் கையால் காட்டினாள்.

"நீ முன்னாடி போ. சாவிக்கொத்து வாங்கிட்டு என்னைக் கூப்பிடு."