டிவிக்கு நேரே ஒரு நாற்காலி

"நீங்க பார்த்தாலே சென்னை தோத்துடறது! மேட்ச் முடியறவரைக்கும் ஆத்துக்குள்ள வராதீங்கோ!"

கோமளம் போட்ட சத்தம் அபிராமபுரம் ஃப்ளாட் முழுக்கக் கேட்டது. கணவர் வெங்கடரமணன் மஞ்சள் பனியனோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். தன் அணிக்கு அவர் செய்யும் சேவை அதுதான்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கிரண் கதவைத் திறந்தான்.

"நம்ம வீட்டுல பார்க்கலாம், வாங்க அங்கிள்."

"வேண்டாம்ப்பா, என் ராசி சரியில்லை."

"அதெல்லாம் சும்மா அங்கிள்!"

டிவிக்கு நேரே நாற்காலி போட்டான். சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி வந்தது. வெங்கடரமணனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். சென்னையின் ஸ்டம்ப் பறந்தது.

"சூப்பர் அங்கிள்! கண்ணை எடுக்காம பாருங்க!" என்று துள்ளிய கிரணின் சட்டைக்குள்ளிருந்து பெங்களூரு ஜெர்சி எட்டிப் பார்த்தது.

வெங்கடரமணன் கண்களை இறுக மூடிக்கொண்டார். பஜ்ஜியை மட்டும் விடவில்லை.